தெருப்புகையும் வீட்டுக்காற்றும்



பழைய ஓட்டு வீடுகளில் கூரையின் நடுவே ஒரு கண்ணாடி ஓடு பதித்திருப்பார்கள். காலை வேளையில் அதன் வழியே வெயில் ஒரு தூண்போலச் சாய்ந்து தரையில் ஊன்றி நிற்கும். அந்த வெயில் தூணுக்குள் எண்ணற்ற தூசுகள் மேலும் கீழுமாக மிதந்து விளையாடும். சிறு பிள்ளையாக இருந்தபோது அவற்றைக் கைக்குள் பிடிக்க நான் முயன்றதுண்டு. மூடிய கையைத் திறந்து பார்த்தால் ஒன்றும் இராது. வெயிற் கற்றை இல்லாத இடத்திலும் அதே தூசு இருக்கிறது. ஒளி விழும் இடத்தில் மட்டும் நம் கண்ணுக்குப் புலனாகிறது. ஜான் டிண்டால் என்னும் அறிவியலறிஞர் 1870ஆம் ஆண்டில் இலண்டன் ராயல் நிறுவனத்தில் ஆற்றிய சொற்பொழிவில், இத்தகைய ஒளிக்கற்றையைக் கொண்டே நாம் மூச்சிழுக்கும் காற்றில் எவ்வளவு தூசு கலந்திருக்கிறது என்பதை மக்களுக்குக் காட்டினார்.

அந்த வெயிலில் தெரியும் தூசு பெருந்தூசு. அதனினும் சிறியதாய், நம் கண்ணுக்கு அகப்படாததாய், நம் வீட்டிற்குள் கேளாமல் நுழைந்து நம் நுரையீரலுக்குள்ளும் குடியேறுகிற தூசு ஒன்று உண்டு. அதைப் பற்றித்தான் இன்று உங்களோடு பேச எண்ணுகிறேன்.

முதலில் அதன் அளவை மனத்தில் பதித்துக்கொள்வோம். சிலப்பதிகாரத்திற்கு உரை கண்ட அடியார்க்கு நல்லார் பழந்தமிழரின் நீட்டலளவை ஒன்றைத் தருகிறார். அதன்படி அணு எட்டுச் சேர்ந்தது ஒரு தேர்த்துகள். தேர்த்துகள் எட்டு ஓர் இம்மி. இம்மி எட்டு ஓர் எள். எள் எட்டு ஒரு நெல். நெல் எட்டு ஒரு பெருவிரல். பெருவிரலின் அகலத்தை 2.5 சென்டிமீட்டர் என்று வைத்துக்கொண்டு எட்டெட்டாக வகுத்துக்கொண்டே வாருங்கள். இம்மி என்பது ஏறத்தாழ 49 மைக்ரான் ஆகும். மைக்ரான் என்பது ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. நம் தலைமயிரின் பருமன் பெரும்பாலும் 50 முதல் 70 மைக்ரான். ஆகவே இம்மியும் மயிரும் கிட்டத்தட்ட ஒன்று. தேர்த்துகள் 6 மைக்ரான். அணு ஒரு மைக்ரானுக்கும் குறைவு. நம் முன்னோர் கருவி கொண்டு அளந்து இதைச் சொல்லவில்லை. கணக்கினால் பகுத்துச் சென்றார்கள். ஆயினும் இன்றைய அறிவியல் எந்தத் துகளைக் கண்டு அஞ்சுகிறதோ அது அந்தத் தேர்த்துகளினும் சிறிய அளவில் அடங்கி நிற்பது வியப்புக்குரியது. குறுக்களவு 2.5 மைக்ரானும் அதற்குக் குறைவும் உள்ள துகள்களையே நுண்துகள் என்று இக்காலத்தார் வரையறுத்துள்ளனர். தலைமயிரின் பருமனில் முப்பதில் ஒரு பங்கு என்று நினைவில் வைத்துக்கொள்ளலாம்.

வண்டி கிளப்பும் புழுதி பெரும்பாலும் பெருந்துகள். அதை மூக்கும் தொண்டையும் தடுத்து நிறுத்திவிடும். எரிதலால் பிறப்பவையே பெரும்பாலும் நுண்துகள்கள். விறகு, குப்பை, கரும்புத்தோகை, டீசல், நிலக்கரி, பட்டாசு ஆகிய எதை எரித்தாலும் அவை பிறக்கும். மூக்கின் காவலுக்கும் தொண்டையின் காவலுக்கும் தப்பி, மூச்சுச் சிற்றறைகள் வரை அவை சென்று தங்கும். இருமலும் இழுப்பும் மட்டுமல்ல, இதய நோயும் அவற்றால் மிகுகின்றது என்பது உறுதிப்பட்ட உண்மை.

இனி, நான் செய்த ஒரு தவற்றைச் சொல்லுகிறேன். முப்பது ஆண்டுகளுக்கு மேல் பிள்ளைகளுக்கு அறிவியல் கற்பித்தவன் செய்த தவறு. ஆகையால் வெட்கத்தோடுதான் சொல்லுகிறேன்.

எங்கள் ஊர் பொதட்டூர்பேட்டை. திருத்தணிக்கு மேற்கே, ஆந்திர எல்லையை அடுத்த நெசவாளர் ஊர். பொழுது விடிந்தால் தெருவுக்குத் தெரு தறியின் ஓசை கேட்கும். சில ஆண்டுகளுக்கு முன் ஒரு போகிப் பண்டிகை. விடியற்காலை நான்கு மணிக்கே தெருவெங்கும் நெருப்பு மூட்டினார்கள். பழம்பாய், கிழிந்த துணி, உடைந்த கூடை ஆகியவற்றோடு சைக்கிள் டயரும் பிளாஸ்டிக் குடமும் எரிந்தன. என் வீட்டிலிருந்த பழைய விடைத்தாள் கட்டுகளை நானே கொண்டுபோய் அந்த நெருப்பில் இட்டேன் என்பதையும் மறைக்காமல் சொல்லிவிட வேண்டும்.

என் மனைவிக்கு நெடுநாளாக இழுப்பு உண்டு. புகை அவளுக்கு ஆகாது என்பதை அறிந்தவன் நான். ஆகவே பின்கட்டில் புதிதாகக் கட்டியிருந்த சிமெண்டு அறையில் அவளை இருக்கச் செய்து, கதவையும் சன்னலையும் இறுக அடைத்தேன். சுவர் இருக்கிறது, கதவு இருக்கிறது, இனிப் புகை தெருவோடு போயிற்று என்று எண்ணிக்கொண்டேன். அறைக்குள்ளும் சிறிது புகைநாற்றம் வந்ததைக் கண்டு, அது மாறட்டும் என்று ஒரு தட்டில் சாம்பிராணியும் போட்டு வைத்தேன். எட்டரை மணிக்கெல்லாம் வெயில் ஏறித் தெருவின் புகை கலைந்துவிட்டது. அவள், "வெளியே வெயில் நன்றாகத்தானே அடிக்கிறது, கதவைத் திறவுங்களேன்" என்றாள். நானோ, இன்னும் சற்றுப் பொறு என்று சொல்லி நண்பகல் வரை திறக்கவில்லை. அவளுக்கு இழுப்பு மேலும் மேலும் கூடியது. அப்போது என்னிடம் படித்த பழைய மாணவர் ஒருவர், இப்போது தறி நெய்பவர், பண்டிகைக்குப் பார்த்துப்போக வந்தார். அறைக் கதவைத் திறந்ததும் வாசற்படியிலேயே நின்று, "என்ன சார், தெருவில் இல்லாத புகை உள்ளே இருக்கிறதே!" என்றார். அவர் கேட்ட பிறகே எனக்குப் புத்தி வந்தது. அவளை முற்றத்தில் கொண்டுவந்து உட்காரவைத்து, பிறகு மருத்துவரிடம் அழைத்துச் சென்றோம். இரண்டு நாள் அவள் படுக்கையில் இருந்தாள். அவ்வாண்டுப் பொங்கல் எங்கள் வீட்டில் பால் பொங்காமலே போயிற்று.

நான் எங்கே தவறினேன்? அதை ஆராய்ந்தபோது நான் கற்றவற்றை இப்போது முறையாகச் சொல்லுகிறேன்.

வீடு என்பது குடமன்று. அது ஒரு கூடை. கதவின் கீழிடுக்கு, சன்னற் சட்டத்தின் ஓரம், ஓட்டுக்கும் ஓட்டுக்கும் நடுவிலுள்ள சந்து, மின்கம்பி நுழையும் துளை என நூறு வழிகள் அதற்கு உண்டு. காற்றடிக்கும்போதும், உள்ளே வெப்பமும் வெளியே குளிரும் இருக்கும்போதும், அவ்வழிகளில் காற்று போவதும் வருவதுமாகவே இருக்கும். நன்கு மூடிய அறையிலும் ஒரு மணி நேரத்தில் காற்றின் பாதியளவு மாறிவிடலாம். திறந்த வீட்டிலோ மணிக்கு நான்கு முறையும் அதற்கு மேலும் மாறும்.

வரும் காற்றோடு துகளும் வருகிறது. ஆனால் எல்லாத் துகளும் ஒன்றுபோல் வருவதில்லை. பெருந்துகள் கனமானது, இடுக்கின் சுவரில் மோதிப் படிந்துவிடும். உள்ளே வந்தாலும் விரைவில் தரையில் விழும். அசையாத காற்றில் 10 மைக்ரான் துகள் ஒன்று 3 மீட்டர் உயரத்திலிருந்து தரைக்கு வந்து சேர ஏறத்தாழ 17 நிமிடம் போதும். மிகமிகச் சிறிய துகளோ, அதாவது ஒரு மைக்ரானில் பத்தில் ஒரு பங்குக்கும் குறைந்ததோ, காற்றணுக்களால் இடையறாது இடிக்கப்பட்டு இங்குமங்கும் அலைந்து சுவரில் ஒட்டிக்கொள்ளும். ராபர்ட் பிரௌன் 1827ஆம் ஆண்டில் நீரில் கிடந்த மகரந்தப் பொடியில் கண்ட அலைச்சல் இதுவே. இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட துகள்தான் கள்வன். விழுவதற்கு வேண்டிய கனமும் அதற்கில்லை. அலைக்கழிவதற்கு வேண்டிய நொய்ம்மையும் அதற்கில்லை. இடுக்கு வழியே காற்று எப்படிப் போகிறதோ அப்படியே வளைந்து உள்ளே வந்துவிடும். ஒரு மைக்ரான் துகள் அதே 3 மீட்டர் விழுவதற்கு ஏறத்தாழ ஒரு நாள் ஆகும். அதற்குள் நீங்கள் இருபதாயிரம் முறைக்கு மேல் மூச்சு விட்டிருப்பீர்கள்.

இதை ஒரு சிறு கணக்காகச் செய்து பார்க்கலாம். தாளும் எழுதுகோலும் உள்ளவர்கள் எழுதிக்கொள்ளுங்கள். மூடிய அறையில் மணிக்குக் காற்று மாறும் வீதம் 0.5 என்று கொள்வோம். நுண்துகள் தானே சுவரிலும் தரையிலும் படியும் வீதம் மணிக்கு 0.4 என்று கொள்வோம். உட்புகும் பங்கு எவ்வளவு? காற்று மாறும் வீதத்தை இரண்டின் கூட்டுத்தொகையால் வகுக்க வேண்டும். 0.5ஐ 0.9ஆல் வகுத்தால் ஏறத்தாழ 0.56. அஃதாவது கதவை அடைத்த பின்னும், தெருவில் உள்ள நுண்துகளில் பாதிக்கு மேல் அறைக்குள் வந்து நிலைபெறும். கதவு திறந்திருந்தால் காற்று மாறும் வீதம் 4 ஆகிறது, 4ஐ 4.4ஆல் வகுத்தால் 0.91. திறந்த வீட்டில் தெருக்காற்றும் வீட்டுக்காற்றும் ஏறக்குறைய ஒன்றே. ஆகவே கதவை அடைப்பதால் பயன் உண்டு. ஆனால் அது பாதிப் பயனே.

இக்கணக்கு மற்றொன்றையும் சொல்லுகிறது. தெருவில் புகை அடங்கிய பின், மூடிய அறையில் வந்து சேர்ந்த புகை பாதியாகக் குறைய முக்கால் மணிக்கு மேல் ஆகும். கதவைத் திறந்தாலோ பத்து நிமிடத்தில் பாதியாகிவிடும். எட்டரை மணிக்கு என் மனைவி கேட்டது இதைத்தான். அவள் கணக்குப் போடவில்லை. அவள் நுரையீரல் கணக்குப் போட்டுச் சொல்லிற்று. நான் கேட்கவில்லை. அதன்மேல் சாம்பிராணிப் புகையையும் உள்ளேயே பிறக்கச் செய்து, போக வழியின்றி அடைத்து வைத்தேன். வெளிப்புகைக்குத் தடையாக நிற்கும் கதவே உட்புகைக்குச் சிறைக்கதவு ஆகிறது.

வெளிப்புகை வீட்டினுள் புகும் என்பதற்கு வரலாற்றில் பெரியதொரு சான்று உண்டு. 1952 டிசம்பர் 5 முதல் 9 வரை இலண்டன் மாநகரை நிலக்கரிப் புகையும் மூடுபனியும் சேர்ந்து மூடின. டிசம்பர் 8 அன்று சாட்லர்ஸ் வெல்ஸ் என்னும் நாடக அரங்கினுள்ளே புகை நிறைந்து, மேடை தெரியாமற் போனமையால், இசை நாடகத்தைப் பாதியிலேயே நிறுத்தினார்கள். கூரையும் சுவரும் திரையும் உள்ள அரங்கத்தின் நிலையே அதுவானால், எளியவர் வீடுகளின் நிலை என்னவாயிருக்கும்! அந்தப் புகையால் 4,000 பேர் இறந்ததாக முதலில் கணித்தார்கள்; பிற்கால ஆய்வாளர் அத்தொகை 12,000 வரை இருக்கலாம் என்றனர். அதன் பயனாக 1956இல் அந்நாட்டில் தூய காற்றுச் சட்டம் பிறந்தது. நம் சென்னையிலும் 2018 ஜனவரி 13 அன்று போகிப் புகை பனியோடு கலந்து விமானங்களின் போக்குவரத்தைத் தடுத்ததை நீங்கள் செய்தித்தாள்களில் படித்திருக்கலாம். மார்கழி, தை மாதத்து விடியலில் நிலத்தை ஒட்டிய காற்று குளிர்ந்து, மேலே சற்று வெப்பமான காற்று மூடிபோல் நிற்கும். அதனால் மூட்டிய புகை மேலே செல்லாது தெருவிலேயே தேங்கும். ஆண்டில் புகை மூட்டத்தகாத நேரம் எதுவோ, அந்த நேரத்தையே நாம் தேர்ந்து மூட்டுகிறோம்!

இனி, தனி ஒருவர் நாள் முழுதும் எவ்வளவு துகளை மூச்சிழுக்கிறார் என்பதைப் பார்ப்போம். ஊரின் நடுவே ஒரு கருவியை நிறுத்தி அளப்பது ஊர்க்காற்றின் அளவு. ஆனால் நாம் யாரும் அக்கருவியின் பக்கத்திலேயே நாள் முழுதும் நிற்பதில்லை. அமெரிக்காவில் ரிவர்சைடு என்னும் ஊரில் 1990இல் 178 பேர் சிறு கருவிகளைத் தம் உடலிலேயே அணிந்து நடமாடினார்கள். 10 மைக்ரான் வரையிலான துகள்களைப் பகற்பொழுதில் அளந்தபோது, வீட்டினுள்ளும் வெளியிலும் சராசரியாகக் கன மீட்டருக்கு 95 மைக்ரோகிராம் இருந்தது. ஆனால் மனிதர் அணிந்திருந்த கருவியோ 150 காட்டிற்று. நடக்கையிலும் பெருக்குகையிலும் சமைக்கையிலும் ஒவ்வொருவரும் தம்மைச் சுற்றித் தாமே ஒரு தூசு மேகத்தைத் தாங்கி நடக்கிறோம் என்பது அதனால் தெரிந்தது. நான் மேலே எடுத்துக்கொண்ட 0.4 என்னும் படிதல் வீதமும் அவ்வாய்வு கண்ட மதிப்பை ஒட்டியதே.

நம் தமிழ்நாட்டிலும் இத்தகைய ஆய்வு நடந்துள்ளது என்பது பெருமைக்குரியது. சென்னைப் போரூர் ஸ்ரீ ராமச்சந்திரா நிறுவனத்தைச் சேர்ந்த கல்பனா பாலகிருஷ்ணனும் அவருடைய துணைவரும் நான்கு மாவட்டங்களில் 436 கிராம வீடுகளை ஆராய்ந்து 2002இல் முடிவுகளை வெளியிட்டனர். விறகும் வறட்டியும் எரியும் அடுக்களையில் சமைக்கும் நேரத்தில், நுரையீரல் வரை செல்லத்தக்க துகள்கள் கன மீட்டருக்கு 500 முதல் 2,000 மைக்ரோகிராம் வரை இருந்தன. சமைக்கும் பெண்ணின் ஒரு நாள் சராசரி 231. அதே வகை வீட்டில் சமைக்காதவரின் சராசரி 90. புகையில்லா எரிபொருளைப் பயன்படுத்தும் வீட்டாரின் சராசரி 82.

இந்தக் கடைசி எண்ணைச் சற்று நின்று எண்ணிப் பாருங்கள். தம் வீட்டில் புகையே மூட்டாதவருக்கும் 82 எவ்வாறு வந்தது? தரையிலிருந்து கிளம்பும் தூசும் அதில் சேரும். ஆயினும் தெருவும் அண்டை வீட்டு அடுப்பும் அதில் பெரும்பங்கு கொண்டிருக்க வேண்டும் என்று கருத இடமுண்டு. நம் வீட்டைத் தூய்மையாக வைத்துக்கொண்டால் போதும் என்னும் எண்ணம் முழுமையானதன்று என்பதற்கு இதுவே சான்று. அந்நிறுவனத்தார் 1,285 கருவுற்ற மகளிரைத் தொடர்ந்து ஆராய்ந்து 2018இல் வெளியிட்ட முடிவு ஒன்றும் உண்டு. கருக்காலத்தில் நுண்துகளின் அளவு ஒவ்வொரு 10 மைக்ரோகிராம் கூடும்போதும், பிறக்கும் குழந்தையின் எடை சராசரியாக 4 கிராம் குறைகிறது என்பது அது. 4 கிராம் சிறிதுதான். ஆனால் பல பத்து மைக்ரோகிராம் கூடுதலாக உள்ள இடங்களில், இன்னும் பிறவாத பிள்ளையிடமிருந்து அது எடுக்கப்படுகிறது.

மாணவர் ஒருவரின் நாளைக் கணக்காகப் போடுவோம். இவை விளக்கத்திற்காக நான் எடுத்துக்கொண்ட எண்கள். சாலையில் சைக்கிளில் ஒரு மணி நேரம், அங்கே 150. விறகடுப்பின் அருகே ஒரு மணி நேரம், அங்கே 600. சன்னல் திறந்த வகுப்பறையில் ஏழு மணி நேரம், அங்கே 50. மீதி 15 மணி நேரம் வீட்டில், அங்கே 40. ஒவ்வொன்றையும் மணியால் பெருக்கினால் 150, 600, 350, 600, கூட்டினால் 1,700. அதை 24ஆல் வகுத்தால் ஏறத்தாழ 71. கண்ணெரியும் அந்த ஓர் அடுப்பு மணியும், ஒன்றும் தோன்றாத அந்த 15 வீட்டு மணிகளும் சரிசமமாக 600 அளித்திருப்பதைப் பாருங்கள். உறங்கும்போதும் படிக்கும்போதும் இருமலும் எரிச்சலும் இன்றி வரும் துகளைத்தான் நாம் மறந்துவிடுகிறோம். ஒரு நாளைய சராசரி 60ஐத் தாண்டலாகாது என்பது 2009இல் இந்திய அரசு வகுத்த வரம்பு. உலக நல நிறுவனம் 2021இல் அதனை 15 என்று இன்னும் குறைத்துச் சொல்லியிருக்கிறது.

இதற்கு நாம் செய்யத்தக்கது என்ன? தெருவில் புகை இருக்கும்போது கதவையும் சன்னலையும் அடையுங்கள். கதவின் கீழிடுக்கில் பழந்துணியைச் சுருட்டி வையுங்கள். அந்த நேரத்தில் வீட்டினுள் சாம்பிராணி, ஊதுவத்தி, கொசுவர்த்தி எதையும் ஏற்றாதீர்கள். தெருக்காற்று தெளிந்த உடனே முன்கதவையும் பின்கதவையும் எதிரெதிராகத் திறந்து விடுங்கள். துடைப்பத்தால் பெருக்குவதைவிட ஈரத்துணியால் துடைப்பது நன்று. ஈரத்துணியைச் சன்னலில் தொங்கவிட்டால் துகள் நின்றுவிடும் என்பது வெறும் மனநிறைவு; நுண்துகள் அதன் இழைகளுக்கிடையே எளிதாக நுழைந்துவிடும். குளிர்சாதனப் பெட்டியின் வலை பஞ்சையும் புழுதியையும் தடுக்கும். நுண்துகளைப் பெரும்பாலும் தடுக்காது. நோயாளர் உள்ள வீட்டில், நுண்வடிகட்டி பொருத்திய காற்றுத் தூய்மிப்பான் ஒன்றை மூடிய அறையில் வைத்தால் பயனுண்டு. நல்ல வடிகட்டி 0.3 மைக்ரான் துகளிலும் நூற்றுக்கு 99.97 பங்கைப் பிடித்துவிடும்.

ஆனால் இவையெல்லாம் குடை பிடிப்பது போன்றவை. மழையை நிறுத்துவது வேறு. புகையைப் பொறுத்தவரை அந்த மழையைப் பெய்விப்பவர் நாமே. நிறுத்தவும் நம்மால் இயலும்.

அடுத்த ஆண்டுப் போகிக்கு முன் எங்கள் தெருவில் வீடுதோறும் சென்று பேசினேன். சிலர் ஏற்றார்கள், சிலர், "காலங்காலமாக நடப்பதை நீங்கள் நிறுத்துவீர்களா?" என்றார்கள். பிள்ளைகளே எனக்குத் துணை நின்றார்கள். டயரையும் பிளாஸ்டிக்கையும் அவர்கள் திரட்டிப் பழைய சாமான் வாங்குபவரிடம் கொடுத்துக் கிடைத்த காசில் கரும்பு வாங்கித் தின்றார்கள். அவ்வாண்டும் நெருப்பு எரிந்தது. ஆனால் தெருவுக்கு ஒன்றாக, சிறியதாக, பாயும் ஓலையும் மட்டும் எரிந்தன. என் விடைத்தாள்களும் கரும்பாக மாறியவற்றுள் சேர்ந்தன. என் மனைவி அன்று மூடிய அறையில் இருந்தாள். ஏழரை மணிக்கு அவள் சொன்னவுடன் கதவைத் திறந்துவிட்டேன்.

எங்கள் திருத்தணிப் பகுதி 1960 ஏப்ரல் முதல் நாளில் ஆந்திரத்திலிருந்து சென்னை மாநிலத்தோடு சேர்ந்தது. அதற்காகப் பெரியோர் போராடினர், எல்லை வகுத்தனர், கல் நட்டனர். நிலத்திற்கு எல்லை வகுக்கலாம். காற்றுக்கு அந்த எல்லை தெரியாது. அங்கே எரிக்கும் தோகையின் புகை இங்கே வரும். இங்கே எரிக்கும் குப்பையின் புகை அங்கே செல்லும். அதுபோலவே என் வீடு, உன் வீடு என்று சுவர் எழுப்பலாம். என் காற்று, உன் காற்று என்று பிரிக்க இயலாது. தெருக்காற்று தூயதாயிருந்தால் வீட்டுக்காற்றும் தூயதாயிருக்கும். நாளை காலை கூரைக் கண்ணாடி வழியே வெயில் விழும்போது, அதில் மிதக்கும் தூசைச் சற்று நேரம் உற்றுப் பாருங்கள். அதனிடையே கண்ணுக்குத் தெரியாததையும் எண்ணிப் பாருங்கள்.